இடையினம்

ஐஸ்லாந்தின் மேற்கு முனை.
ஜனவரியில் வெளிச்சம் பதினொரு மணிக்கு வரும்,
வந்தாலும் மலை முதுகைத் தாண்டி இறங்காது.
மீன் ஆலையின் மூன்றாம் கூடத்தில்
ஒரு கை நிற்கிறது.
தோள் உண்டு. முழங்கை உண்டு.
மூன்று பக்கமும் திரும்பும் மணிக்கட்டு உண்டு.
ஆள் இல்லை.

எலும்பெடுத்த காட் மீன் துண்டை
ஓடும் பட்டையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைக்க வேண்டும்.
அவ்வளவுதான்.
ஈரச் சோப்பை நினைத்துக்கொள்ளுங்கள்,
அழுத்தினால் கிழிகிற சோப்பை.

விழுந்தவற்றை எண்ணுவது என் வேலை.
நோட்டில் இரண்டு கட்டம் வரைந்திருந்தேன்:
வல், மெல்.
இரும்பின் பிழையென்றால் முதலாவதில் ஒரு கோடு,
நிரலின் பிழையென்றால் மற்றதில்.
யார் பிழையென்று யார் சொல்வது?
அதற்குத்தான் அவர்கள் இருவரும்.

"கையுறை மாட்டிய கையால்
ஊசியில் நூல் கோக்கச் சொல்கிறாய்,
உன் நிரல் எவ்வளவு படித்திருந்தால்தான் என்ன?"
என்பாள் ஸ்டெயின்வர், திருப்புளியை வாயில் கவ்வியபடி.

"பிறந்த குழந்தைக்கும் விரல் பத்து,
ஒரு பொத்தானைப் போடச் சொல் பார்ப்போம்,"
என்பான் ஆஸ்க்ரிமுர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அக்டோபரில் ஒன்பது இரவு
தன் நிரலை அவன் கிழித்துத் தைத்தான்.
கடைசியில் பார்த்தால்,
இரண்டு டிகிரிக் குளிரில்
விரல் நுனி ரப்பர் விறைத்திருக்கிறது.
ஒரு வாரம் அவள் விசிலடித்தாள்.

டிசம்பரில் புதுத் தோல் வந்தது.
அறுபத்து நான்கு இடத்தில் தொடுவுணர்வு.
அன்றே கை கெட்டுப்போனது.
இத்தனை சேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல்
கூச்சக்காரன்போல
மீனுக்கு மேலே நடுங்கி நின்றது.
இரண்டு மோட்டாரை மாற்றினாள்.
குற்றம் ஒரு கழித்தல் குறி.
விசில் இப்போது அவனுடையது.

பக்கத்து வரிசையில் போகுமிவா,
க்தான்ஸ்கிலிருந்து வந்து ஆறு வருடம்.
மணிக்கு எத்தனை துண்டு என்று அவளும் எண்ணுவதில்லை,
அவளை யாரும் கேட்பதுமில்லை.
புயலில் படகு வராத ஒரு நாள்,
மிச்சமிருந்த மீனை அவள் அடுக்கும்போது
அவள் கைகளைப் படமெடுத்து
மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள்.

அவள் பிடிக்கவேயில்லை.
அடியில் விரலை நுழைத்தாள்,
ஈரத்தையே சறுக்குப் பலகையாக்கினாள்,
துண்டு நழுவத் தொடங்கும் முன்பே
சுண்டுவிரல் அங்கே போய்க் காத்திருந்தது.

"பார், விரலின் அமைப்பு!" என்றாள் ஸ்டெயின்வர்.
"பார், முன்கூட்டிய கணிப்பு!" என்றான் ஆஸ்க்ரிமுர்.
ஒரே விரலைத்தான் இருவரும் காட்டினார்கள்.

"அப்போது என்ன நினைத்தாய்?"
"வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு
எடுக்காமல் வந்துவிட்டேன், அதை."

அன்றிரவு நான் நழுவல்களைத் திரும்ப ஓட்டினேன்.
விரல் உணர்ந்திருந்தது. சரியாக.
நிரல் அறிந்திருந்தது. சரியாக.
உணர்ந்தது அறிந்ததை வந்து சேர
ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.
அதற்குள் மீன் தரையில்.

நோட்டில் மூன்றாவதாய் ஒரு கட்டம் வரைந்தேன்.
இடை, என்று தலைப்பு.
பழைய கோடுகளில் பாதிக்கு மேல்
அதற்குக் குடிபெயர்ந்தன.
இருவருக்கும் காட்டினேன்.
இருவருக்கும் பிடிக்கவில்லை.

வீடு திரும்பும் வழி மலைக்குள் சுரங்கம்,
நடுவில் சாலை ஒற்றைத் தடமாகிறது.
எதிரே விளக்குத் தெரிந்தால்
ஓரப் பள்ளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும்.
வண்டி அவளுடையது. வழி சொல்பவன் அவன்.
பின்னிருக்கையில் நான்.
"ஒதுங்கு," என்றான்.
"தெரியும்," என்றாள்.
அவள் கால் பிரேக்கில் இருந்தது
அவன் சொல்லும் முன்பா, பிறகா,
எண்ணத் தவறிவிட்டேன்.

காலுறையில் மீன் வாடை.
எதிரே வந்த லாரி கடந்துபோனது.